இரண்டு ஆள் எடை

மோட்டார் அங்கதான் இருக்கு தம்பி, சாக்கு சுத்தி வச்சிருக்கேன். பாக்கலாம், எங்கயும் ஓடிடாது. முதல்ல அந்த நாற்காலியில உக்காருங்க. பொன்னேரியில இருந்து பஸ்லயா வந்தீங்க? அந்த பஸ்ல வந்தா முதுகு தனியா கழண்டுதான் இறங்கும். காப்பி போடறேன். பால் இல்ல, கடுங்காப்பிதான். குடிப்பீங்கல்ல?

உங்க படகு எத்தனை அடின்னு போன்ல சொன்னீங்க? பதினொண்ணா? ஃபைபர். சரி. மோட்டார் விக்கிறவன் எல்லாரும் அடியைத்தான் கேப்பான். அடி கிடக்குது தம்பி, எடையைக் கேளுங்க. படகோட எடை, பாட்டரியோட எடை, ஏறுற ஆளுங்க எடை, அவங்க தூக்கிட்டு வர்ற சாப்பாட்டோட எடை வரைக்கும் சேக்கணும். மொத்தத்துல நூறு பவுண்டுக்கு ரெண்டு பவுண்டு தள்ளுவிசை. அது அடிப்படை. குளம் குட்டைன்னா அதோட விட்டுடலாம். இது பழவேற்காடு ஏரி. கடல் உள்ள வரும், வெளிய போகும். மத்தியானத்துக்கு மேல காத்து ஒரு பக்கம் இழுக்கும், தண்ணி ஒரு பக்கம் இழுக்கும். அதனால மேல கொஞ்சம் சேக்கணும். அதுக்கும் மேல கொஞ்சம் சேக்கணும். ஆபத்துக்குன்னு கொஞ்சம்.

நான் கணக்குல கெட்டி. ரயில்வேல கூட்ஸ் கார்டா இருந்தவன் நான். ஏகாம்பரம் கார்டுன்னா அரக்கோணத்துல டீக்கடைக்காரனுக்குக் கூடத் தெரியும். எத்தனை வேகன், எத்தனை டன், பிரேக் எவ்வளவு பிடிக்கும், எல்லாம் பாத்து நான் கையெழுத்துப் போட்டாத்தான் வண்டி நகரும். என்ஜின்ல ரெண்டு பேர் இருப்பாங்க, பேசிட்டே போவாங்க. கடைசிப் பெட்டியில நான் ஒருத்தன். அரை கிலோமீட்டர் தள்ளி. ஒரு ஸ்டேஷன்ல ஓரமா நிறுத்தினான்னா எப்ப எடுப்பான்னு எவனுக்கும் தெரியாது. நான் பாட்டுக்கு உக்காந்திருப்பேன். எனக்கு அது பிடிச்சுத்தான் இருந்துச்சு. தொந்தரவு இல்ல பாருங்க.

ரிட்டயர் ஆனதும் தண்ணி ஓரமா வீடு வாங்கணும்னு எனக்கு ஒரு ஆசை. இந்த வீட்டை வாங்கினேன். சம்பூர்ணம், என் வீட்டுக்காரி, அரக்கோணத்தை விட்டு வரமாட்டேன்னா. அங்க அவளுக்கு ஒரு கூட்டம். மார்க்கெட்டுக்குப் போனா நாலு பேர், கோயிலுக்குப் போனா ஆறு பேர். வாசல்ல நின்னு ஒரு முழம் பூ வாங்கறதுக்கு அரை மணி நேரம் பேசுவா. நான் சொன்னேன், "இதெல்லாம் இல்லாம நிம்மதியா இருக்கலாம் வா"ன்னு. வந்தா. வந்து இந்த ஜன்னல்கிட்ட நின்னு பாத்தா. "நல்லாத்தான் இருக்கு. யாரையும் காணோமே"ன்னா. "அதுக்குத்தானே வந்தோம்"னு சொன்னேன்.

சர்க்கரை போதுமா? இன்னும் வேணும்னா டப்பா அங்க இருக்கு.

படகு வாங்கினேன். பன்னெண்டு அடி. இந்த ஏரியில பெட்ரோல் மோட்டார் சரிப்படாது தம்பி, பல இடத்துல முழங்கால் ஆழம்தான். சேறும் பாசியும் விசிறியில சுத்திக்கும். கரண்டு மோட்டார்தான் தோது. பாரிமுனையில ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்ல மனுஷன். "எத்தனை பேர் சார் போவீங்க?"ன்னார். "ஒருத்தர்"னேன். "வீட்ல அம்மா வரமாட்டாங்களா?" "அவளுக்குத் தண்ணின்னா பயம்"னேன். அவகிட்ட கேக்கலதான். ஆனா தெரியும்ல? முப்பத்தாறு வருஷம் கூட இருந்திருக்கேன். குளிக்கிற பக்கெட்டுல கூட முக்கால்வாசிதான் ரொப்புவா.

முப்பது பவுண்டு மோட்டார் எடுத்துக் குடுத்தார். "அம்மா வந்தாலும் தாங்கும் சார், கரையோரமா போனா ரெண்டு பேருக்கும் தாராளம்"னும் சொன்னார். வியாபாரி அப்படித்தான் சொல்வான். நான் வீட்டுக்கு வந்து காத்து, நீரோட்டம், பாட்டரி பழசாகறது எல்லாம் சேத்துப் போட்டுப் பாத்தேன். ஒரு ஆளுக்குத்தான் சரியா வந்துச்சு. ரெண்டாவது ஆளுக்கு இடமில்ல. எடைக்கு இடமில்லன்னு சொல்றேன். பலகை என்னவோ இருந்துச்சு.

தினமும் காலையில போவேன். தூண்டில் போடுவேன், மீன் கிடைச்சா கிடைக்கும். கிடைக்காட்டியும் பரவால்ல. ஒரு நாள் படகை அவுத்துட்டு இருக்கேன், சம்பூர்ணம் வர்றா. நல்ல புடவை கட்டி, தலையில பூ வச்சு, கையில தூக்கு. எலுமிச்சம்பழ சாதம், உருளைக்கிழங்கு வறுவல். வாசனை எனக்கு இங்க வரைக்கும் வருது.

"என்ன?"ன்னு கேட்டேன்.

"நானும் வரேன்"னா.

"உனக்குப் பயமாச்சே."

"யார் சொன்னா?"

இதுல இப்ப என்ன பதில் சொல்றது? நான் பொறுமையா எடுத்துச் சொன்னேன் தம்பி. சண்டை எல்லாம் இல்ல. இந்த மோட்டாரோட சைஸ் ஒரு ஆளுக்குக் கணக்குப் பண்ணினது, நீ ஏறினா பாட்டரி சீக்கிரம் இறங்கும், திரும்பி வர்றப்ப எதிர்காத்து, நடு ஏரியில நின்னுடும், அப்புறம் யாரைக் கூப்பிடறதுன்னு. எல்லாத்தையும் விவரமா சொன்னேன். கேட்டுட்டே நின்னா. அப்புறம் தூக்கை நீட்டினா. "இதோட எடையாவது தாங்குமா?"ன்னா. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, குடு"ன்னு வாங்கிக்கிட்டேன். நடு ஏரியில உக்காந்து சாப்பிட்டேன். நல்லா இருந்துச்சு. ரெண்டு பேருக்கான சாப்பாடு, கொஞ்சம் மிஞ்சிடுச்சு, மீனுக்குப் போட்டேன்.

அதுக்கப்புறம் அவ கேக்கவே இல்ல. புரிஞ்சுக்கிட்டா. எடுத்துச் சொன்னா புரிஞ்சுக்குவா, அந்த குணம் அவகிட்ட உண்டு.

என் கணக்கு சரின்னு ஆடி மாசம் நிரூபணம் ஆச்சு கேளுங்க. முகத்துவாரத்துக்குப் பக்கத்துல, கடலும் ஏரியும் சேர்ற இடம், அங்க போயிட்டேன். மடவை மீன் துள்ளுதுன்னு ஆசைப்பட்டுப் போயிட்டேன். தண்ணி கடலைப் பாக்க இறங்க ஆரம்பிச்சுச்சு. மோட்டாரை முழு வேகத்துல வைக்கிறேன், படகு நின்ன இடத்துலயே நிக்குது. கரையில ஒரு சவுக்கு மரம், அதைக் குறி வச்சுப் பாக்கறேன், மரம் அசையவே இல்ல. அப்புறம் அசையுது. தப்பான பக்கமா அசையுது. பாட்டரி வேற இறங்கிட்டு வருது. கத்தினா யாருக்குக் கேக்கும்? கடைசிப் பெட்டியில இருந்தா கொடியாவது காட்டலாம். அப்பத்தான் அன்வர்பாய் வலை எடுத்துட்டு டீசல் படகுல வந்தாரு. கயிறு போட்டு இழுத்துட்டு வந்தாரு.

சம்பூர்ணம் கரையில நிக்கிறா. எப்ப வந்தா, எத்தனை நேரமா நிக்கிறா தெரியாது. காலுல செருப்பு இல்ல, கொதிக்கிற மணல்ல நிக்கிறா. என்னைப் பாத்ததும் என் கையைப் பிடிச்சுக்கிட்டா. அன்வர்பாய் பாத்துட்டு இருக்காரு, எனக்குக் கூச்சமா போச்சு. கையை எடுத்துக்கிட்டு அவகிட்ட சொன்னேன்: "பாத்தியா? ஒரு ஆளுக்கே இந்தப் பாடு. நீயும் இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?"

அவ சொன்னா, "நானும் இருந்திருப்பேன்."

அது ஒரு பதிலா? நீங்களே சொல்லுங்க.

அந்த வருஷம்தான் எங்க பொண்ணு அனுராதாவுக்குப் பிரசவம். கோயம்புத்தூர்ல இருக்கா. சம்பூர்ணம் ஒத்தாசைக்குப் போனா. மூணு மாசத்துல வந்துடறேன்னு போனா. குழந்தை குப்புற விழுந்துச்சு, தவழ்ந்துச்சு, நடந்துச்சு, அவ வரல. போன் பண்ணினா சுத்தி சத்தமா இருக்கும். குழந்தை அழும், யாரோ சிரிப்பாங்க, பக்கத்து ஃப்ளாட்டு அம்மா கீரை வாங்கலையான்னு கேப்பாங்க. அவளுக்கு அங்கயும் ஒரு கூட்டம் சேந்துடுச்சு. "எப்ப வர்ற?"ன்னு கேட்டா, "வந்து என்ன பண்ணப் போறேன்?"ன்னுவா.

உக்காந்து யோசிச்சேன். ஏன் வரமாட்டேங்கறா? காரணம் இல்லாம ஒரு வண்டி நிக்காது. யோசிச்சு யோசிச்சுக் கடைசியில புடிச்சுட்டேன். மோட்டார்தான் தம்பி. சின்ன மோட்டார். அவளை ஏத்த முடியல, அதுல அவளுக்கு ஒரு மனக்குறை. சரி, பெருசா வாங்கிடுவோம், பிரச்சினை தீந்துச்சுன்னு மறுபடியும் பாரிமுனைக்குப் போனேன். இந்த தடவை "ரெண்டு பேர்"னு சொன்னேன். கடைக்காரர் சிரிச்சுட்டு, "அம்மா எடை எவ்வளவு சார் இருப்பாங்க?"ன்னார். அங்க இருந்தே போன் போட்டேன்.

"சம்பூர்ணம், உன் எடை எவ்வளவு?"

சிரிக்கிறா. "அதிசயமா என்னைப் பத்தி ஒரு கேள்வி கேக்கறீங்க"ங்கறா.

"விளையாடாதே, கடையில நிக்கிறேன், சொல்லு."

"நாப்பத்தாறு."

"மெஷின் கெட்டுப்போயிருக்கும். நீ அறுபத்திரெண்டாச்சே."

"அது அப்போ"ன்னா.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ரயில்வே ஆஸ்பத்திரியில பாத்தப்ப அறுபத்திரெண்டு, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. பொண்ணு வீட்டு மெஷினை எல்லாம் நம்ப முடியுமா? நான் அறுபத்திரெண்டுன்னே போட்டுக்கிட்டேன். கணக்குல எப்பவும் கூட இருந்தா தப்பில்ல. ஐம்பத்தஞ்சு பவுண்டு. அதோ, நீங்க பாக்க வந்த மோட்டார் அதான். ரெண்டு பாட்டரி. தண்டும் நீளம், அலை வந்தாலும் விசிறி தண்ணிக்கு வெளிய வராது. தண்டு சின்னதா போச்சுன்னா விசிறி காத்தைத்தான் கடையும், அதையும் கவனிச்சு வாங்கணும்.

தை மாசம் வந்தா. அனுராதாதான் கொண்டுவந்து விட்டா. காரை விட்டு இறங்கறப்ப நான் முதல்ல அனுராதான்னு நினைச்சுட்டேன், அவ்வளவு ஒல்லியா இருந்தா. "நல்லா இளைச்சுட்டியே, நடைப்பயிற்சியா?"ன்னு கேட்டேன். அனுராதா என்னை ஒரு மாதிரி பாத்தா. "அப்பா, அம்மாவுக்குச் சாப்பாடு இறங்க மாட்டேங்குதுன்னு எத்தனை தடவை சொன்னேன்"னா. சொன்னா, உண்மைதான். இட்லியை ரசத்துல ஊறவச்சுக் குடுன்னு நானும் சொன்னேனே.

மறுநாள் படகுல ஏத்தினேன். கையைப் புடிச்சு ஏத்தினேன். முன் பலகையில என்னைப் பாத்து உக்காந்தா. மோட்டார் பின்னாடி, ரெண்டு பாட்டரி பின்னாடி, நானும் பின்னாடி. படகோட மூக்கு தூக்கிக்கிச்சு தம்பி. அவ உக்காந்திருக்கா, ஆனா மூக்கு தூக்கிட்டுதான் நிக்குது. எனக்கு ஒரே ஆச்சரியம். அறுபத்திரெண்டு கிலோ முன்னாடி இருந்தா இறங்கி இருக்கணுமே? இருபது லிட்டர் தண்ணி கேன் ஒண்ணை ரொப்பி அவ காலடியில வச்சேன். அப்புறம்தான் சமமாச்சு. அவ அந்தக் கேனைப் பாத்தா. என்னைப் பாத்தா.

நல்ல ஓட்டம் அன்னிக்கு. பூநாரைங்க ஆயிரக்கணக்குல நிக்குது, தூரத்துல பாத்தா ஏரிக்கு ரோஸ் கலர்ல கரை கட்டின மாதிரி. நான் மோட்டாரைப் பத்தி விளக்கிட்டு வந்தேன். எந்த வேகத்துல எவ்வளவு கரண்டு இழுக்கும், எத்தனை நேரம் தாங்கும், ஏன் ரெண்டு பாட்டரி. அவளுக்கும் தெரியணும்ல, அவளுக்காக வாங்கினது. நடுவுல அவ கையைக் காட்டினா. "கொஞ்ச நேரம் இங்கயே நிப்போமே"ன்னா. நிறுத்தினேன்.

தண்ணியில கையை விட்டு அளைஞ்சுட்டே இருந்தா. பயமே இல்ல. அப்புறம் திடீர்னு கேக்கறா: "கடைசிப் பெட்டியில தனியா போறப்ப என்ன நினைச்சுட்டுப் போவீங்க?"

"சிக்னல்"னேன். "பின்னாடி சிக்னல் மாறுதான்னு பாக்கணும்."

"நான் அடுப்படியில நின்னு, வண்டி இப்ப எங்க போயிட்டிருக்கும்னு நினைப்பேன். காட்பாடி தாண்டியிருக்கும், ஜோலார்பேட்டை வந்திருக்கும்னு."

"அது எப்படித் தெரியும்? கூட்ஸ் வண்டிக்கு நேரமே கிடையாதே. காட்பாடிக்கு முன்னாடியே ஆறு மணி நேரம் போட்டு வைப்பான்."

அவ சிரிச்சா. "தப்பான ஊர்லயே நினைச்சுட்டு இருந்திருக்கேன் போல"ன்னா. சிரிச்சுட்டே முகத்தைத் துடைச்சுக்கிட்டா. தண்ணி தெறிச்சிருக்கும். காத்து படகைச் சேத்துப் பக்கமா தள்ள ஆரம்பிச்சுச்சு, நான் மோட்டாரைப் போட்டேன்.

ரெண்டு நாள்ல கிளம்பிட்டா. அடுத்த வாரம் அனுராதா போன் பண்ணி, வயித்துல கட்டின்னா. ஆபரேஷன்னா. நான் ரயில்வே பாஸ் எடுத்துட்டு உடனே போனேன். போகாம இருப்பேனா? ஆஸ்பத்திரி வராந்தாவுல பெஞ்சுல உக்காந்திருந்தேன். அந்த வராந்தா நீளமா, கடைசியில ஒரு ஜன்னல். எனக்குப் பழக்கம்தானே, உக்காந்துட்டே இருந்தேன். கண் முழிச்சதும் உள்ள விட்டாங்க. எப்படி இருக்கன்னு கேட்டேன், தலையை ஆட்டினா. வேற என்ன பேசறதுன்னு தெரியல. அங்க எல்லாம் அனுராதா பாத்துக்கறா, மாப்பிள்ளை பாத்துக்கறாரு, அந்தப் பக்கத்து ஃப்ளாட்டு அம்மா கூட ஃப்ளாஸ்க்குல கஞ்சி கொண்டு வந்துச்சு. நமக்கு வேலை இல்ல. இங்க பாட்டரி வேற சும்மா கிடக்குது. சார்ஜ் போடாம கிடந்தா பாட்டரி செத்துடும் தம்பி, அதை நீங்களும் ஞாபகம் வச்சுக்கங்க. சொல்லிட்டுக் கிளம்பி வந்துட்டேன். "பாட்டரியா?"ன்னு கேட்டா. "ஆமாம், ரெண்டு இருக்குல்ல"ன்னேன். "சரி, போயிட்டு வாங்க"ன்னா.

இப்பவும் அங்கதான் இருக்கா. கஞ்சிதான் இறங்குது. டாக்டர் பாப்போம்னு சொல்றாராம். இவ்வளவு தூரம் பயணம் வேண்டாம்னுட்டாராம். அனுராதா என்னை அங்கயே வந்துடச் சொல்றா. நான் போய் என்ன பண்றது? இங்க வீடு இருக்கு, படகு இருக்கு.

அதான் யோசிச்சேன், இந்தப் பெரிய மோட்டாரைக் குடுத்துடலாம்னு. இன்னிக்குக் காலையில, பஸ் ஏறிட்டேன்னு நீங்க போன் பண்ணீங்கல்ல, அதுக்கப்புறம் அவகிட்டப் பேசினேன். குரல் ரொம்பச் சின்னதா வருது. சுத்தி சத்தமும் இல்ல, குழந்தை தூங்குது போல. மோட்டாரைப் பாக்க ஆள் வர்றாரு, பெருசைக் குடுத்துடப் போறேன்னு சொன்னேன்.

"ஏன்?"னா.

"ஒரு ஆளுக்குச் சின்னதே போதுமே"ன்னேன்.

லைன் போச்சோன்னு பாத்தேன், இருந்துச்சு. மூச்சு விடற சத்தம் கேக்குது. அப்புறம் சொன்னா: "சரிதான். ஒரு ஆளுக்குச் சின்னதே போதும்."

பாத்தீங்களா? இத்தனை வருஷத்துல என் கணக்கு சரின்னு அவ வாயால சொன்னது இதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷமா இருக்கணும்ல? இட்லி வாங்கி வச்சேன், அப்படியே இருக்கு. காலையில இருந்து ஒரு வாய் இறங்கல. வெயிலா இருக்கும். இந்த வருஷம் வெயில் முன்னாடியே ஆரம்பிச்சுடுச்சு.

காப்பியைக் குடிச்சுட்டீங்களா? டம்ளரை அப்படியே வைங்க, நான் கழுவிக்கறேன். வாங்க. வெறுமனே பாத்துட்டு வாங்காதீங்க தம்பி, தண்ணியில ஓட்டிப் பாக்கணும். பாட்டரியை ஆளுக்கு ஒரு பக்கம் புடிச்சா தூக்கிடலாம். நீங்க முன் பலகையில உக்காருங்க, நான் பின்னாடி. ரெண்டு ஆள் எடையில ஓட்டிப் பாத்தாத்தான் இதோட இழுப்பு தெரியும். அந்தப் பூநாரைக் கூட்டம் வரைக்கும் போயிட்டு வருவோம். பஸ் போனா என்ன, அடுத்த பஸ் இருக்கு. உங்களுக்கு அவசரம் ஒண்ணும் இல்லையே?